விருத்தாம்பாளின் ரத்தமும் கண்ணாயிரத்தின் கிரீன் டீயும்

கண்ணாயிரம் சமையலறைக்குள் நுழைவது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஒரு முறை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு முறை. அடுப்பில் தண்ணீரை வைப்பார். அது தளதளவென்று கொதிக்க விடமாட்டார். பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழிகள் கிளம்பியதுமே இறக்கிவிடுவார். கொதிநீர் பட்டால் இலை வெந்து கசக்கும் என்பது அவர் கட்சி. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் கிரீன் டீ இலையைக் கிள்ளிப் போட்டு, நீரை ஊற்றி, தட்டால் மூடி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கைகட்டி நிற்பார். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த நீரில் ஒரு தம்ளர் அவருக்கு. மற்றொன்று மனைவி விருத்தாம்பாளுக்கு.

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கும் அந்த வீட்டில் இந்தப் பழக்கம் நுழைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குடிகாட்டுப் பக்கம், தோலுக்குப் போடும் சாயம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கண்ணாயிரம் சோதனைக்கூட மேற்பார்வையாளர். ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அன்றே சர்க்கரை போட்ட பால் டீயைக் கைவிட்டார். நாளெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்த சர்க்கரை நின்றது. இடுப்புச் சதை குறைந்தது. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கவும் தொடங்கினார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அடங்கி உட்கார்ந்திருந்தது. சர்க்கரையை விட்டதற்கும் நடந்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் புகழ் மாலை முழுவதையும் அவர் கிரீன் டீயின் கழுத்திலேயே போட்டார். புதிதாகக் கோயிலுக்குப் போகத் தொடங்கியவன்தானே நெற்றி கொள்ளாமல் திருநீறு பூசுவான்!

கடற்கரை நடையில் கூட வருபவர்கள் அவரைச் சீண்டாத நாளில்லை.

"கண்ணாயிரம், உங்க கிரீன் டீய ஒரு குடம் கெடிலத்துல ஊத்துனா ஆறு சுத்தமாயிடுமா?"

"ஊத்திப் பாத்தாத்தானே தெரியும்," என்பார் கண்ணாயிரம், முகத்தில் சிரிப்பின்றி. எதையும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய தொழில் கொடுத்த குணம். அந்தக் குணம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும் என்பதை அவர் அப்போது அறியவில்லை.

விருத்தாம்பாளுக்குக் கருப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுப்பவள் அவள். தையல் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் மிதித்தாலே மூச்சு வாங்கியது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளரிப் பிஞ்சாய் வெளுத்திருந்தது. மருத்துவர் வெண்மதி பார்த்துவிட்டு, கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் ரத்தத்தின் அளவு, அதாவது ஹீமோகுளோபின், எட்டில் நின்றது. "பத்தைத் தொடட்டும். அப்பறம் ஆபரேஷன். நாள் தள்ளத் தள்ள ரத்தம் போயிட்டேதான் இருக்கும். அதனால இரும்புச்சத்து மாத்திரைய ஒருவேளைகூட விடாதீங்க," என்றவர், வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதையும் சொன்னார்: "டீ, காபியோட மட்டும் போடாதீங்க."

கண்ணாயிரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அந்தப் பேச்சே எங்க வூட்ல கெடையாது டாக்டர். டீ, காபிய விட்டு ரெண்டு வருஷம் ஆவுது."

அவர் பொய் சொல்லவில்லை. டீ என்றால் அவருக்குப் பாலும் சர்க்கரையும் நுரையும் கடைப் பெஞ்சும்தான். தாம் வீட்டில் செய்வதை அவர் மருந்து வகையில் சேர்த்துப் பல காலம் ஆகிவிட்டிருந்தது. அன்றிரவே அவருக்கு ஒரு யோசனையும் பிறந்தது.

"ஏம்மே, மாத்திரைய வெறுந்தண்ணியில முழுங்குறதுக்கு இதுல முழுங்கேன். ஒரே வாயில ரெண்டு பலன்."

"கசக்குதுங்க."

"நல்லதெல்லாம் கசக்கத்தான் செய்யும்."

விருத்தாம்பாள் மறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவன் கையால் அவளுக்குக் கிடைத்த ஒரே பதார்த்தம் அது. அந்தப் பெரிய மாத்திரையை இரண்டாக உடைத்து, முகத்தைச் சுளித்து, ஒவ்வொரு பாதியாகக் கிரீன் டீயோடு விழுங்கினாள்.

மாதங்கள் போயின. ரத்தம் ஏறவில்லை. அறுவைக்குக் குறித்த நாளைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி குறித்தார்கள்; மறுபடி தள்ளினார்கள். விருத்தாம்பாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து எழுந்தாள். கண்ணாயிரத்துக்குக் கவலை வந்தது. கவலைக்குப் பின்னாலேயே சந்தேகமும் வந்தது. நல்ல மாத்திரை, நல்ல சாப்பாடு, போதாததற்குத் தம் கையால் போட்ட கிரீன் டீ. இத்தனையும் இருந்து ரத்தம் ஏறவில்லை என்றால், மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை என்றுதானே பொருள்? மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று அவள் முன்பு முனகியதும் நினைவுக்கு வந்தது. விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். அப்படியும் ரத்தம் ஏறாததால், நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்புகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அடுத்த முறை மருத்துவர் அறையில் அதைச் சொல்லியும்விட்டார்.

"டாக்டர், இவ முழுங்கறதே இல்ல. என் கண்ணுக்கு மறைவா எங்கயோ துப்பிடுறா."

"ஐயோ, முழுங்குறேன் டாக்டரம்மா!" என்றாள் விருத்தாம்பாள்.

வெண்மதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "மறைக்காதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். சாரு எவ்ளோ கவலைப்படுறாரு பாருங்க." விருத்தாம்பாள் மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இத்தோடு நின்றிருந்தாலும் போகட்டும். ஐப்பசியில் சிதம்பரத்தில், விருத்தாம்பாளின் தங்கை தைலம்மாள் வீட்டில், தைலம்மாள் மகள் ஸ்ரீமதிக்கு வளைகாப்பு. கீழ வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. கூடம் நிறைய உறவுகள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அக்கா தங்கை இருவருக்கும் அண்ணனான பழனிவேலும் வந்திருந்தார். "அக்கா ஏன் இப்புடி வெளுத்துட்டாங்க?" என்று யாரோ கேட்க, கண்ணாயிரம் கூடமெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

"டாக்டர் குடுக்குற மாத்திரையெல்லாம் எங்க வூட்டு துளசிச் செடிக்குத்தான் போவுது. செடிக்கு டெஸ்ட் எடுத்தா பதிமூணு பாய்ண்ட் இருக்கும். இவளுக்குத்தான் எட்டு!"

கூடம் சிரித்து ஓய வெகு நேரம் ஆயிற்று. பழனிவேல் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்று முதல் விருத்தாம்பாளைக் கண்டால், "இன்னா, துளசி நல்லாருக்குதா?" என்பது உறவினர்களின் விசாரிப்பாகிவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு நாலு பேர் கூடும் இடத்தில் அவள் வாய் திறந்து பேசியதை யாரும் கேட்டதில்லை.

கார்த்திகையில் ஸ்ரீமதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒத்தாசைக்கு விருத்தாம்பாள் சிதம்பரம் போனாள். பச்சை உடம்புக்காரியையும் பச்சைப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் அங்கேயே இருந்தாள். மார்கழியில், திருவாதிரைக்கு முன், அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பத்தேகால் என்று வந்தது.

திருவாதிரைக்கு வந்து இறங்கிய கண்ணாயிரத்திடம் வாசலிலேயே செய்தியைச் சொன்னவர் பழனிவேல்.

"பாத்தீங்களா மாப்ள! தங்கச்சி காவல்ல ஒழுங்கா முழுங்கியிருக்கா. உங்க கண்ணுல மண்ணத் தூவுனா. தைலம்மாகிட்ட பருப்பு வேவல."

கண்ணாயிரமும் தலையாட்டினார். தாம் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வீட்டுக்குள் போனதும் மனைவியிடம் அதையே சொன்னார். "இங்க மட்டும் எப்புடி ஏறுச்சு? அப்ப அங்க முழுங்கலதானே?"

குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை.

"ரெண்டு எடத்துலயும் ஒரே மாரிதாங்க முழுங்குனேன். அங்க ஏன் ஏறல, இங்க ஏன் ஏறுச்சு, நீங்கதான் சொல்லணும். கம்பெனியில நீங்கதானே கண்டுபுடிச்சுச் சொல்வீங்க."

அந்தச் சொல் கண்ணாயிரத்தின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொழிற்சாலையில் சாயம் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் வந்தால் அவர் எந்தத் தொழிலாளியையும் திட்டுவதில்லை. இரண்டு நாள்களுக்கும் இடையில் எது மாறியது என்றுதான் தேடுவார். ஆள் மேல் பழி போடுவது எளிது. ஆனால் சாயம் சரியாகாது. அதை இருபது ஆண்டுகளாக அங்கே கற்பித்துவருபவர், வீட்டில் முதல் நாளே ஆளைப் பிடித்துவிட்டார். ஒரு பேச்சுக்கு, இவள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எது மாறியது?

தேடத் தொடங்கினார். முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார். அது கடைகளில் விற்கும் கேன் தண்ணீர், கடலூரிலும் அதுதான். பிறகு சாப்பாடு. திருவாதிரைக் களியின் வெல்லமோ என்றால், களி கிண்டியதே பரிசோதனைக்கு மறுநாள். கத்தரிக்காய்க் கொத்சுவோ என்றால், அதைக் கடலூரிலும் அவள் வாரம் தவறாமல் வைப்பாள். பின்கட்டில் தைலம்மாளின் இரும்புச் சட்டி தொங்குவதைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன. எடுத்துத் தடவினார், விரலால் தட்டினார், மோந்தும் பார்த்தார்.

"இன்னா மாமா, சட்டிக்கு ஜுரமா? நாடி புடிச்சுப் பாக்குறீங்க?" என்றாள் அடுப்படியில் நின்ற தைலம்மாள்.

"இதுல சமைச்சா இரும்பு எறங்கும்."

"எறங்கட்டும். உங்க வூட்லயும் இதே சட்டிதானே தொங்குது? அம்மா ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போனப்ப ஜோடியா வாங்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க."

சட்டியும் விடுதலையாயிற்று. அக்கா மாத்திரை போடுவதை நீ பார்த்தாயா என்று அவளிடமே கேட்டார். "நான் எங்க மாமா பாத்தேன்? புள்ளையப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல. அவுங்களேதான் போட்டுக்குவாங்க," என்றாள் தைலம்மாள். கண்ணாயிரம் சட்டியைத் திரும்ப மாட்டினார். காவலே இல்லாத இடத்தில் ஒழுங்காக விழுங்கியவள், வாயைத் திறந்து காட்டிய இடத்திலா துப்பியிருப்பாள்?

தண்ணீர், சாப்பாடு, சட்டி என்று ஊரில் உள்ளதையெல்லாம் விசாரித்தவருக்கு, ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. தன் கையால் செய்த நல்லதை எவரும் சந்தேகிப்பதில்லை.

அன்று மாலை சீக்கிரமே எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு ஆயிற்று. கண்ணாயிரம் வழக்கப்படி தம் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"ஒரு மாசம் இது இல்லாம இருந்திருப்ப. நீ போறப்ப பொட்டலத்த வெச்சுட்டுப் போயிட்ட," என்று தம்ளரை மனைவி பக்கத்தில் வைத்தார்.

விருத்தாம்பாள் மாத்திரையை உடைத்தாள். அதே நேரம் பாயில் கிடந்த குழந்தை வீறிட்டது. திடுக்கிட்டு எழுந்தவளின் கையிலிருந்து ஒரு பாதி நழுவித் தம்ளருக்குள் விழுந்தது. அவள் பிள்ளையைத் தூக்கப் போய்விட்டாள். கண்ணாயிரம் கரண்டி தேடி உள்ளே போய் வந்தார். வந்தவர் தம்ளரைப் பார்த்து அப்படியே நின்றார்.

இளம் பச்சை நீரைக் காணோம். மாத்திரை கிடந்த அடிப்பகுதியிலிருந்து கருநீலம் புகையாய்ச் சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினார். தம்ளர் முழுவதும் மசியாயிற்று.

அந்தக் கறுப்பு அவருக்குப் பழக்கமான கறுப்பு. தோல் பதனிடுகிற கடுக்காய்ச் சாற்றின் அருகே இரும்புக் கரண்டியைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்பவர் அவர்தான். துவர்ப்புச் சத்து இரும்பைக் கண்டால் விடாது. கட்டிப் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். பிறகு இரண்டையும் பிரிப்பது அரிது. தொழிற்சாலையில் பாடமாகத் தெரிந்தது, தம்ளருக்குள் தெரியாமல் போய்விட்டது.

ஒரு முறை கண்டதை நம்பக் கூடாது என்பதும் தொழில் விதி. மற்றொரு மாத்திரையை உடைத்தார்; ஒரு பாதியை வெறும் தண்ணீரிலும், மறு பாதியைத் தமக்காக வைத்திருந்த கிரீன் டீயிலும் போட்டார். தண்ணீர் சற்றே கலங்கியது. அவ்வளவுதான். கிரீன் டீ மீண்டும் மசியாயிற்று.

வாசலுக்குப் போய் மருத்துவர் வெண்மதிக்குத் தொலைபேசினார்.

"அன்னிக்கே சொன்னேனே சார், டீ, காபியோட வேணாம்னு," என்றார் அவர்.

"சொன்னீங்க டாக்டர். நான் இத டீக் கணக்குலயே சேக்கல."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதே செடியோட அதே இலைதான் சார். பதப்படுத்துற விதம்தான் வேற."

"அப்ப கிரீன் டீ கெடுதலா டாக்டர்?"

"கெடுதல்னு யாரு சொன்னா? சர்க்கரைத் தண்ணிய விட்டுட்டு அதக் குடிக்கிறது உங்களுக்கு நல்லதுதான். கெட்ட கொழுப்பக்கூடக் கொஞ்சம் குறைக்கும்னு சொல்றாங்க. ஆனா சர்வரோக நிவாரணின்னு நெனச்சுடாதீங்க. ரத்தம் கம்மியா இருக்கறவங்க சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரமாவது தள்ளித்தான் குடிக்கணும். மாத்திரைய எலுமிச்சம்பழச் சாறோட குடுங்க, ஏறும்."

கண்ணாயிரம் நன்றி சொல்லி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தரிசனம் முடித்துத் திரும்பும் கூட்டம் சந்து முனையில் போய்க்கொண்டிருந்தது. அவர் மனத்தில் ஒரு கதை தானாகவே உருவாயிற்று. ஒரு வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருந்தார்களாம். நெல் மூட்டையோடு ஒரு நல்லவர் அந்த வீட்டுக்கு வந்தாராம். வாசலில் இன்னொரு நல்லவர் நின்றிருந்தாராம். அவர் அன்பு மிகுதியால் வந்தவரின் கையைப் பற்றிக்கொண்டு, பேசிப் பேசி, மூட்டையோடு அவரைத் தெருக்கோடிவரை கூட்டிப்போய் வழியனுப்பிவிட்டாராம். இருவரும் நல்லவர்களே. ஆனால் பிள்ளைகள் பட்டினி. இதில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, 'வந்த நெல்லை நீங்கள்தான் ஒளித்துவைத்தீர்கள்' என்று ஒருவன் ஊர் சிரிக்கச் சொன்னால், அவனை என்னவென்று சொல்வது?

மறுநாள் குழந்தையைத் தொட்டிலில் போடும் சடங்கு. அதே கூடம், ஏறத்தாழ அதே முகங்கள். காப்பரிசித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. பழனிவேல் வாய் நிறைய மென்றபடி, "இன்னா விருத்தா, துளசி நல்லாருக்குதா?" என்று தொடங்கினார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கண்ணாயிரம் எழுந்தார். "மச்சான், கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாரும் கேளுங்க."

கையில் ஒரு தம்ளர் கிரீன் டீ. உடைத்த மாத்திரையை அதில் போட்டுக் கலக்கினார். தம்ளரை உயர்த்திப் பிடித்தார். முன்வரிசைப் பெண்கள் "அய்ய!" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

"இதான் இவ வயித்துல நடந்துது. மாத்திரைய இவ ஒருநாள்கூட விட்டதில்ல. அத ஒடம்புல சேர வுடாம கறுப்பாக்கி அனுப்புனது நான் போட்டுக் குடுத்த இந்தத் தண்ணி. இதோட முழுங்குன்னு சொன்னவனும் நான்தான். துளசிச் செடிக் கதை பொய். நான் கட்டுன பொய்."

பழனிவேலுக்குச் சங்கடமாகிவிட்டது. "வுடுங்க மாப்ள, சும்மா தமாசுக்குச் சொன்னது. அதையெல்லாம் அவ பெருசா எடுத்துக்க மாட்டா."

"எடுத்துக்கிட்டா மச்சான். நான்தான் பாக்கல. இதே கூடத்துல இவளப் பாத்துச் சிரிக்க வெச்சேன். இனிமே சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க." மனைவி பக்கம் திரும்பினார். "விருத்தா, நீ உண்மையச் சொன்ன. நான் நம்பல. தப்பு என்னுது."

யாரும் எதிர்பாராதபடி விருத்தாம்பாள் வாய் திறந்தாள்.

"நேத்து சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டீங்களே, இன்னா சொன்னீங்க?"

"கிரீன் டீயப் பத்திக் கேட்டேன்."

"என்னப் பத்தி?"

கண்ணாயிரம் நேற்று பேசியதை மனத்தில் ஓட்டிப் பார்த்தார். கிரீன் டீ நல்லதா, கெட்டதா என்று கேட்டிருந்தார். மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அவுங்க இன்னும் என்னத் திருடின்னுதானே நெனச்சிட்டிருப்பாங்க?" என்றாள் அவள். "நாளப்பின்ன ஆபரேஷனுக்கு அவுங்ககிட்டதான் நான் ஒடம்பக் குடுத்துப் படுக்கணும்."

"கடலூர் போனதும் நேர்ல போயிச் சொல்லிடுறேன்."

"போன் உங்க சட்டப் பையிலதானே இருக்குது?"

தைலம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாயிரம் கறுத்த தம்ளரைக் கீழே வைத்தார். தொலைபேசியை எடுத்து எண்ணைத் தட்டி, கூடமெல்லாம் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, மனைவியின் அருகில் தரையில் உட்கார்ந்தார். நாலாவது மணியில் வெண்மதியின் குரல் கேட்டது.

"சொல்லுங்க சார். மறுபடியும் கிரீன் டீயா?"

"இல்லீங்க டாக்டர்," என்றார் கண்ணாயிரம். "இது விருத்தாம்பாளப் பத்தி. உங்க ரூம்ல ஒக்காந்து இவ மாத்திரையத் துப்புறான்னு சொன்னேன். இவ துப்பல. அன்னிக்கு உங்ககிட்ட உண்மையச் சொன்னது இவ ஒருத்திதான்."